வெசென்கோவ் கிங்ஸுக்கு வருகிறார்: அவரிடம் எதை எதிர்பார்ப்பது?

நீலக்கூடை | 12 ஜூலை 2023

முடிவாகிவிட்டது. கூடைப்பந்து வீரர் சாஷா வெசென்கோவ் கிரீஸின் ஒலிம்பியாகோஸை விட்டுவிட்டு, அமெரிக்காவின் என்பிஏ லீகில் ஆடும் சாக்ரமெண்டோ கிங்ஸுக்கு வருகிறார். மூன்று வருட ஒப்பந்தம், ஏறக்குறைய 2 கோடி டாலர். இந்த சீசனில் யூரோப்பின் முதன்மைக் கிளப் போட்டியான யூரோலீகின் எம்விபி, அதாவது மிகச் சிறந்த வீரர், அவர்தான். ஆட்டத்துக்கு 17.6 புள்ளி எடுத்து முதலிடத்தில் இருந்தவரும் அவர்தான்.

யூரோலீகை நள்ளிரவில் விழித்திருந்து பார்க்கிறவன் நான். மே மாதம் கௌனாஸில் நடந்த இறுதியாட்டத்தில் ஒலிம்பியாகோஸ் 79-78 என்று ரியல் மாட்ரிட்டிடம் தோற்றது. கடைசி நொடிகளில் செர்ஜியோ யூல் போட்ட அந்த ஷாட் உள்ளே விழுந்தபோது என் வயிற்றில் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. அந்த ஆட்டத்தோடு வெசென்கோவின் கிரீஸ் அத்தியாயம் முடிகிறதே என்ற வருத்தம் ஒரு பக்கம், அவரை இனி என்பிஏவில் பார்க்கலாம் என்ற ஆசை இன்னொரு பக்கம்.

நம்மில் பலருக்கு அவர் பழக்கமில்லாதவர் என்பதால் சொல்லிவிடுகிறேன். 2.06 மீட்டர் உயரம், பவர் ஃபார்வர்ட் (முன்வரிசையில் ஆடும் உயரமான ஆள்). சைப்ரஸில் நிகோசியாவில் பிறந்த பல்கேரியர். தெசலோனிகியின் ஆரிஸ் அணியில் வளர்ந்து, பார்சிலோனா போய், அங்கே சரியாக வாய்ப்புக் கிடைக்காமல் 2018இல் ஒலிம்பியாகோஸுக்கு வந்தார். அங்கேயும் முதல் நாளே ராஜா ஆகிவிடவில்லை. வருடத்துக்கு வருடம் மெல்ல மெல்ல ஏறி இந்த இடத்துக்கு வந்திருக்கிறார். அடுத்த மாதம் 28 வயது ஆகிறது.

கிங்ஸ் ரசிகர்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

ஊதா ஒளி | 12 ஜூலை 2023

வரட்டும், வரட்டும்! 2019 அக்டோபரில் மும்பையில் கிங்ஸும் பேசர்ஸும் ஆடியதை நேரில் போய்ப் பார்த்ததிலிருந்து இதுதான் என் அணி. அப்போது நண்பர்கள் கேட்பார்கள், ஜெயிக்கவே ஜெயிக்காத அணியை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று. 16 வருடம் பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றின் பக்கமே போகாத அணி இந்த வருடம் 48 ஆட்டம் ஜெயித்து மேற்குப் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தது. வாரியர்ஸோடு ஆடிய பிளேஆஃப் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் கர்ரி 50 புள்ளி எடுத்து நம்மை வீட்டுக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் இன்னும் போயிருப்போம்.

நம்மிடம் ஃபாக்ஸ், சபோனிஸ், மரே இருக்கிறார்கள், இப்போது யூரோலீக் எம்விபியும். ஆட்டத்துக்கு 15 புள்ளி எதிர்பார்க்கிறேன். அதிகமா?

பந்தோட்டம் | 13 ஜூலை 2023

அதிகம். வாசிலிஸ் ஸ்பனூலிஸ் யூரோப்பில் எவ்வளவு பெரிய ஆள்? 2006இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்கு வந்தார், 31 ஆட்டம், 2.7 புள்ளி, ஒரே வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார். 2010 யூரோலீக் எம்விபி தியோடோசிச் 2017இல் கிளிப்பர்ஸுக்கு வந்தார். அவருடைய பாஸைப் பார்க்க இரண்டு கண் போதாது. ஆனால் பாதத்தில் காயம், முதல் வருடம் 45 ஆட்டம்தான் ஆட முடிந்தது. பெஜெலிச்சா 2015 எம்விபி. மினசோட்டாவில் முதல் வருடம் 5 புள்ளி.

எம்விபி பட்டத்தோடு வருகிறார் என்பதை வைத்து ஒரு கணக்கும் போட முடியாது.

ஊதா ஒளி | 13 ஜூலை 2023

லூகா டான்சிச்சும் யூரோலீக் எம்விபியாகத்தானே வந்தார்? முதல் வருடமே 21.2 புள்ளி.

பந்தோட்டம் | 13 ஜூலை 2023

லூகாவை இதில் சேர்க்கவே கூடாது. 19 வயதில் அந்தப் பட்டம் வாங்கியவர், அதுவரை யாரும் அவ்வளவு சின்ன வயதில் வாங்கியதில்லை. அவர் கையில் பந்தைக் கொடுத்து மொத்த அணியையும் அவரைச் சுற்றிக் கட்டினார்கள். 28 வயதில் வருகிறவருக்கு யாரும் அப்படிக் கட்ட மாட்டார்கள்.

நீலக்கூடை | 13 ஜூலை 2023

லூகா பேச்சு வந்துவிட்டதால் ஒன்று சொல்லியாக வேண்டும். சாக்ரமெண்டோ ரசிகர்களுக்கு 2018 இன்னும் ஆறாத புண். புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டாவது இடத்தில் லூகாவை எடுத்திருக்கலாம், மார்வின் பேக்லியை எடுத்தார்கள். அன்றிலிருந்து யூரோப்பிலிருந்து யார் வந்தாலும் அந்தக் கடனை அவர் தலையில் வைத்துவிடுகிறோம். வெசென்கோவ் அந்தக் கடனை அடைக்க வரவில்லை. 2017இல் 57ஆவது இடத்தில் புரூக்ளின் எடுத்தவர் அவர். போன வருடம் கிங்ஸ் அவரை ஒப்பந்தம் செய்யும் உரிமையை கிளீவ்லேண்டிடமிருந்து ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்து வாங்கியது, அவ்வளவுதான். மலிவாகக் கிடைத்த நல்ல ஆள் என்றுதான் நான் பார்க்கிறேன்.

காலை எட்டரை | 14 ஜூலை 2023

57 என்றதும் நினைவு வருகிறது. மனு ஜினோபிலியும் 1999இல் 57ஆவது ஆள்தான். போலோன்யாவில் யூரோலீக் ஜெயித்துவிட்டு 2002இல் சான் அன்டோனியோவுக்கு வந்தார். முதல் வருடம் 7.6 புள்ளி. அன்றைக்கு அதை மட்டும் பார்த்து யாராவது தீர்ப்பு எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய தவறாகியிருக்கும்!

நம் கிங்ஸிலேயே பேஜா ஸ்டோயாகோவிச் இருக்கிறாரே. 1996இல் எடுத்தார்கள், 1998 வரை கிரீஸில் பிஏஓகேவில் ஆடிவிட்டு வந்தார். முதல் சீசன் மாற்று வீரராகப் பெஞ்சிலிருந்து வந்து 8.4. மூன்றாவது சீசன் 20.4. இப்போது அவருடைய 16ஆம் எண் சட்டை அரங்கின் கூரையில் தொங்குகிறது. அப்புறம் போக்டான் போக்டானோவிச், 2017இல் ஃபெனர்பாசேயோடு யூரோலீக் ஜெயித்த கையோடு வந்து முதல் வருடமே 11.8.

என் எதிர்பார்ப்பு 8 முதல் 10. ஆனால் இரண்டாவது வருடத்துக்காகக் காத்திருப்பேன்.

கோர்ட்டோரம் | 15 ஜூலை 2023

நான் மாவட்ட அளவில் பையன்களுக்குப் பல வருடம் பயிற்சி கொடுத்தவன். தம்பிகள் எல்லாரும் புள்ளியையே பேசுகிறீர்கள். அந்தப் புள்ளி எப்படி வந்தது என்று பாருங்கள்.

வெசென்கோவின் ஆட்டத்தை உட்கார்ந்து கவனித்தால் தெரியும், பந்தை அவர் தரையில் தட்டுவதே அபூர்வம். பந்து இல்லாதபோது அவர் செய்வதுதான் ஆட்டம். தடுப்பவர் ஒரு கணம் பந்தைப் பார்த்துத் தலையைத் திருப்பினால் போதும், இவர் முதுகுப் பக்கமாக வெட்டிக்கொண்டு கூடைக்கு அடியில் நிற்பார். இல்லையென்றால் இரண்டடி நகர்ந்து மூலையில் நிற்பார். பந்து வந்ததும் கையில் தங்காது, சட்டென்று கிளம்பிவிடும். என் பையன்களுக்கு இவருடைய வீடியோவைத்தான் போட்டுக் காட்டுவேன். ஓடத் தெரியாத பையன்கூட இவரைப் பார்த்து எங்கே நிற்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் பந்து சரியான நேரத்துக்கு வந்து சேர வேண்டுமே. ஒலிம்பியாகோஸில் பந்தைக் கொண்டுவந்து பாஸ் கொடுக்கும் கார்டுகளான ஸ்லூகாஸும் வாக்கப்பும் இவர் எங்கே போவார் என்று இவருக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள். பயிற்சியாளர் பார்ட்சோகாஸ் ஐந்து பேரையும் ஒரே மூச்சில் ஓட வைப்பவர். அது வருடக்கணக்கில் பழகிய பழக்கம். பெட்டியில் போட்டு எடுத்துவர முடியாது.

அதனால் எனக்கு முக்கியமான கேள்வி இரண்டுதான். எத்தனை நிமிடம் கொடுப்பார்கள்? அந்த நிமிடங்களில் யார் கையிலிருந்து இவருக்குப் பந்து வரும்?

நீலக்கூடை | 15 ஜூலை 2023

அருமையாகச் சொன்னீர்கள் சார். இரண்டாவது கேள்விக்கு என் பதில் சபோனிஸ். ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு சுற்றி ஓடுகிறவர்களுக்குக் கொடுப்பதில் அவரைவிட நல்ல சென்டர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். வெட்டி ஓடுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இவர்கள் இருவரும் சேர்ந்து ஆடுவதைப் பார்க்கத்தான் நான் காத்திருக்கிறேன்.

ஊதா ஒளி | 15 ஜூலை 2023

சார், யூரோப் ஆட்டத்துக்கும் என்பிஏவுக்கும் விதியில் உள்ள வித்தியாசம் இவருக்கு உதவுமா, கெடுக்குமா?

கோர்ட்டோரம் | 16 ஜூலை 2023

இரண்டும் நடக்கும் தம்பி. கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

மூன்று புள்ளிக் கோடு அங்கே 6.75 மீட்டர், இங்கே 7.24. மூலையில் மட்டும் வித்தியாசம் குறைவு, 6.60க்கு 6.70. இவர் மூலையில் நிற்கும்வரை கவலையில்லை. மேலே வந்து எறியும்போது அந்த அரை மீட்டருக்குக் கால் பலம் வேண்டும். அதைப் பழகிக்கொள்வார், எறியும் கை உள்ளவர்கள் பழகிக்கொள்வார்கள்.

பெரிய விஷயம் தடுப்பு மூன்று நொடி விதி. யூரோப்பில் ஒரு உயரமான ஆள் கூடைக்கு முன்னால் தூண் மாதிரி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். என்பிஏவில் யாரையும் ஒட்டித் தடுக்காமல் கூடைக்கு முன்னாலுள்ள கட்டத்துக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. அதனால் உள்ளே இடம் காலியாக இருக்கும். வெட்டி ஓடுகிற வெசென்கோவுக்கு அது திறந்த கதவு.

ஆனால் அதே கதவு எதிராளிக்கும் திறந்திருக்கிறது. வெசென்கோவின் கால் வேகம் அவ்வளவு இல்லை. ஒலிம்பியாகோஸில் இவரைத் தாண்டிப் போகிறவனுக்குப் பின்னால் ஒரு தூண் காத்திருக்கும். இங்கே இவரைத் தாண்டிவிட்டால் கூடைவரை வெற்றிடம். என்பிஏவில் இருக்கும் கார்டுகள் ஸ்கிரீன் போட்டு (கூட்டாளியை வழியில் நிற்க வைத்துத் தங்களைத் தடுப்பவரை மறித்து) இவரைத் தங்கள் முன்னால் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். பலவீனமான ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் இங்கே பாதி ஆட்டம். சபோனிஸும் உயரே தாவித் தடுக்கிறவர் அல்ல. தாக்குதலில் இந்த இருவரும் சேர்ந்தால் எவ்வளவு அழகோ, தடுப்பில் அவ்வளவு கஷ்டம்.

கிங்ஸ் பயிற்சியாளர் மைக் பிரவுன் தடுப்பைப் பார்த்துத்தான் நிமிடம் கொடுப்பார். எனக்குள்ள பயம் அதுதான்.

பந்தோட்டம் | 16 ஜூலை 2023

பயிற்சி நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். யூரோலீகில் வழக்கமான சுற்று 34 ஆட்டம். அதோடு உள்ளூர் லீக் இருந்தாலும் நடுவில் உட்கார்ந்து பழக நாள் கிடைக்கும். என்பிஏவில் 82 ஆட்டம், விமானம், ஓட்டல், மறுநாள் ஆட்டம். புதிதாக வந்தவர் எதையும் ஆடியே கற்க வேண்டும், ஆடவோ நிமிடம் கிடைக்காது.

நிமிடம் எங்கே இருக்கிறது என்று நானே எண்ணிப் பார்த்தேன். ஹாரிசன் பார்ன்ஸுக்கு மூன்று வருடத்துக்கு 5.4 கோடி கொடுத்துத் தக்கவைத்துவிட்டார்கள். கீகன் மரே போன வருடம் 206 த்ரீ (மூன்று புள்ளி ஷாட்) போட்டு புதுமுக வீரர் சாதனையை உடைத்தவர். பெஞ்சில் ட்ரே லைல்ஸையும் விடவில்லை. இந்த மூன்று பேருக்குப் பிறகு வெசென்கோவ். சரி, 15 நிமிடம் என்று வையுங்கள். அதில் 15 புள்ளி எப்படி வரும்?

ஊதா ஒளி | 16 ஜூலை 2023

நான் 9க்கு இறங்கி வருகிறேன். ஆனால் பிளேஆஃபில் ஒரு ஆட்டத்தையாவது அவர் ஜெயித்துக் கொடுப்பார். அந்த நம்பிக்கையை விட மாட்டேன்.

காலை எட்டரை | 18 டிசம்பர் 2023

இழையை மேலே கொண்டுவருகிறேன். சாக்ரமெண்டோவில் இரவு ஏழு மணி ஆட்டம் நமக்கு இப்போது காலை எட்டரை. அலுவலகம் கிளம்பும் நேரம். சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே பார்க்கிறேன். வெசென்கோவ் உள்ளே வந்ததும் கை நின்றுவிடும்.

நன்றாகத்தான் ஆடுகிறார், ஆடும்போது. இரண்டு த்ரீ, ஒரு வெட்டு, பெஞ்ச். சில நாள் உள்ளே வருவதே இல்லை. அதற்குள் முந்தாநாள் மரே யூட்டாவுக்கு எதிராக 12 த்ரீ போட்டு 47 புள்ளி எடுத்துவிட்டார். கிங்ஸ் ரசிகனாகத் துள்ளினேன். ஆனால் வெசென்கோவின் நாற்காலி இன்னும் கொஞ்சம் பின்னால் போய்விட்டதே என்றும் தோன்றியது.

நீலக்கூடை | 19 டிசம்பர் 2023

நானும் அதைத்தான் உணர்கிறேன். அவர் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் மூலையில் நிறுத்திவிடுகிறார்கள். பந்து மேலே ஃபாக்ஸ் கையிலோ மாங்க் கையிலோ இருக்கிறது. வெசென்கோவ் வெட்டி ஓடுகிறார், பந்து வரவில்லை, திரும்பி மூலைக்குப் போகிறார். ஒலிம்பியாகோஸில் அந்த ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் பலன் இருந்தது. யார் மேலும் குற்றம் சொல்லவில்லை, ஃபாக்ஸ் தன் ஆட்டத்தை ஆடுகிறார். ஆனாலும் ஆசை ஆசையாகக் காத்திருந்த சபோனிஸ்-வெசென்கோவ் கூட்டணியை நான் கண்ணால் கண்டது மிகக் கொஞ்ச நேரம்தான்.

கோர்ட்டோரம் | 20 டிசம்பர் 2023

ஒரு பையனை முக்கியமான ஆளாக வைத்துப் பழக்கிவிட்டு, பெரிய அணிக்குப் போனதும் ஐந்து நிமிடம் உள்ளே, பத்து நிமிடம் வெளியே என்று ஆட வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கை ஆறிவிடும். பெஞ்சிலிருந்து எழுந்து வந்து முதல் பந்தையே கூடைக்குள் போடுவது தனி வித்தை. ஜினோபிலி அதைக் கற்றார், ஸ்பனூலிஸ் அதற்குக் காத்திருக்கவில்லை. இவர் 28 வயதில் அதைப் புதிதாகக் கற்க வேண்டும்.

அவசரப்படாமல் இருப்போம்.

பந்தோட்டம் | 22 ஏப்ரல் 2024

சீசன் முடிந்தது. 46 வெற்றி, பிளேஆஃபுக்குத் தகுதி பெற ஆடும் பிளே-இன்னில் வாரியர்ஸை ஜெயித்தோம், பெலிகன்ஸிடம் தோற்றோம். வெசென்கோவ் கணக்கு: 42 ஆட்டம், 12.2 நிமிடம், 5.4 புள்ளி, 2.3 ரீபவுண்ட். நடுவில் கணுக்கால் காயம் வேறு.

நான் முதலில் சொன்னது சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. சரியாகக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

காலை எட்டரை | 22 ஏப்ரல் 2024

5.4 என்பதை மட்டும் பார்க்காதீர்கள். 12 நிமிடத்தில் 5.4. இதே வேகத்தில் 36 நிமிடம் ஆடினால் ஏறக்குறைய 16 வரும். த்ரீ 37.5 சதவீதம், நல்ல எண். அந்த அரை மீட்டர் அவரைத் தடுக்கவில்லை. யூரோப்பில் போட்டவர் இங்கேயும் போட முடியும் என்று காட்டிவிட்டார். எறிய மறந்துவிடவில்லை, எறியும் வாய்ப்புத்தான் வரவில்லை.

பந்தோட்டம் | 23 ஏப்ரல் 2024

36 நிமிடக் கணக்கில் எனக்கு உடன்பாடு இல்லை நண்பரே. 12 நிமிடம் எதிரணியின் பெஞ்சுக்கு எதிராக ஆடுவது வேறு, 36 நிமிடம் முதல் ஐந்து பேருக்கு எதிராகத் தடுப்பது வேறு. கோர்ட்டோரம் சார் ஜூலையிலேயே சொன்ன அந்தத் திறந்த கதவை மறந்துவிடக் கூடாது. அவரை நிற்க வைத்துத் தாக்கிய ஆட்டங்களை நாமே பார்த்தோம்.

ஸ்கார்பரோவாசி | 29 ஜூன் 2024

டொராண்டோவிலிருந்து வணக்கம். இந்த இழையை முழுவதும் படித்துவிட்டு வருகிறேன், ஏனென்றால் உங்கள் ஆள் இப்போது எங்கள் ஆள். டேவியன் மிட்செலையும் வெசென்கோவையும் ராப்டர்ஸுக்கு அனுப்பிவிட்டு ஜேலன் மெக்டேனியல்ஸை எடுத்துக்கொண்டது கிங்ஸ்.

இங்கே எங்கள் வீட்டில் ராப்டர்ஸ் பைத்தியம் மூன்று தலைமுறை. யூரோப்பிலிருந்து வந்தவர்களின் இரண்டு கதையையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். 2006இல் பார்ன்யானியை முதல் இடத்தில் எடுத்தோம், யூரோப்பிலிருந்து அந்த இடத்தில் எடுக்கப்பட்ட முதல் ஆள். அந்த எண்ணின் பாரத்தை அவர் கடைசிவரை சுமந்தார், மோசமான வீரர் இல்லை, ஆனால் எதைச் செய்தாலும் எங்களுக்குப் போதவில்லை. அதற்கு முந்தைய வருடம் கால்டெரோன் வந்தார். யாரும் எடுக்காத ஆள், ஒரு எதிர்பார்ப்பும் கிடையாது. முதல் வருடம் த்ரீ விழவே விழாது. மூன்று வருடம் கழித்து ஃப்ரீ த்ரோவில் 98.1 சதவீதம் போட்டு லீக் சாதனை வைத்தார். இன்றைக்கும் அப்பா அவர் பெயரைச் சொன்னால் முகம் மலர்வார்.

எங்கள் அணி இப்போது புதிதாகக் கட்டப்படுகிறது, நிமிடம் நிறைய இருக்கிறது. வெசென்கோவுக்கு இங்கே 25 நிமிடம் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

நீலக்கூடை | 29 ஜூன் 2024

நல்வரவு. நீங்கள் சொல்வது நடந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் என் மனசு வேறொன்று சொல்கிறது. வீட்டுக்குப் போய்விடுவார் என்று தோன்றுகிறது.

ஸ்கார்பரோவாசி | 10 ஆகஸ்ட் 2024

உங்கள் மனசு சரியாகச் சொல்லியிருக்கிறது. எங்கள் சட்டையைப் போட்டு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு ஒலிம்பியாகோஸுக்கே திரும்பிவிட்டார். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் 29 வயதில், தனக்காக அரங்கமே எழுந்து நிற்கும் ஊர் காத்திருக்கும்போது, தோற்றுக்கொண்டிருக்கும் அணியில் நிமிடம் தேட யாருக்குத்தான் மனம் வரும்?

ஊதா ஒளி | 10 ஆகஸ்ட் 2024

எனக்குக் கோபம் வருகிறது. அவர் மேல் இல்லை. நாம் ஒரு வருடம்கூட முழுதாகக் கொடுக்கவில்லை. ஸ்டோயாகோவிச்சுக்கு இரண்டு வருடம் பொறுத்த ஊர் இது.

கோர்ட்டோரம் | 11 ஆகஸ்ட் 2024

ஸ்டோயாகோவிச் வந்தபோது அவருக்கு 21 வயது தம்பி. அவருக்காகப் பொறுப்பதும் 28 வயதுக்காரருக்காகப் பொறுப்பதும் அணிக்கு ஒன்றல்ல. பிளேஆஃபைத் துரத்துகிற அணி நேரத்தைக் கணக்குப் பார்க்கும். அவரும் தன் நேரத்தைக் கணக்குப் பார்த்தார். இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது, அதனாலேயே மனசு கனக்கிறது.

பையன்களுக்கு நான் இன்னும் அவருடைய வீடியோவைத்தான் போடுகிறேன். ஒலிம்பியாகோஸ் வீடியோ.

நீலக்கூடை | 11 ஆகஸ்ட் 2024

அக்டோபரில் யூரோலீக் தொடங்குகிறது. ஸ்லூகாஸ் இப்போது பனதினைகோஸில், ஆனால் வாக்கப் இருக்கிறார், பார்ட்சோகாஸ் இருக்கிறார். முதல் ஆட்டத்துக்கு இங்கே தனி இழை தொடங்குகிறேன். நள்ளிரவில் விழித்திருக்கிறவர்கள் வாருங்கள். காலை எட்டரை, உங்களுக்கு அலுவலகம் கெடாத நேரம்தான்.

காலை எட்டரை | 11 ஆகஸ்ட் 2024

வருகிறேன். இந்த முறை கணிப்பு எதுவும் எழுத மாட்டேன், பார்க்க மட்டும் செய்கிறேன்.